உள்ளங்கை தெரியாத சல்யூட்

வாசகர் கேள்வி:

"ஐயா, எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் வயிற்றுப் பேத்தி அக்னிவீராகக் கடற்படையில் சேர்ந்து, சில்காவில் பயிற்சி முடித்து, இப்போது லீவில் வந்திருக்கிறாள். வந்த அன்று காலையில் நடுவாசலில் நின்று ஆசையாக எனக்கு ஒரு சல்யூட் வைத்தாள். உள்ளங்கையே தெரியவில்லை. கை தரையைப் பார்க்கிறது. 'இது என்ன கண்ணு, எதையோ ஒளிச்சு வெச்ச மாதிரி' என்று அவள் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கப்பலில் ஏறும்போது ஆளே இல்லாத தளத்துக்குச் சல்யூட் வைப்போம் என்கிறாள். சில்கா முகாமையே 'கப்பல்' என்கிறாள். ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 26 அன்று அவள் படித்த பள்ளியில் கொடியேற்ற உடுப்போடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நான் அவளுக்குச் சல்யூட் வைக்க வேண்டுமா, அவள் எனக்கா? ஊரார் மாலை போடுவோம் என்கிறார்கள். காலேஜ் படிக்கும் இன்னொரு பேரன் அவள் சட்டையை மாட்டிக்கொண்டு செல்போனில் ரீல்ஸ் எடுக்கிறான், அது சரியா? கடைசியாக ஒன்று. நான் போன பிறகு என் மேல் கொடி போர்த்துவார்களா? அவள் வந்து சல்யூட் வைப்பாளா? கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டேன்."

பதில்:

ஹவில்தார் ஐயா, வணக்கம். கடற்படையில் அணிவகுப்பும் மரியாதை முறைகளும் சொல்லிக்கொடுப்பது பீரங்கிப் பிரிவின் வேலை. கொச்சியில் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா என்ற பீரங்கிப் பள்ளியில்தான் அந்த வாத்தியார்கள் உருவாகிறார்கள். நானும் அந்தப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரிக்கு வந்தவன். நீங்கள் கேட்டதெல்லாம் நான் சோறு தின்ற தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பேத்தி வைத்த சல்யூட் சரி. நீலகிரி வெலிங்டனில், உங்கள் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சரி. ராணுவத்தில் விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை எதிரில் நிற்பவர் பார்க்கும்படி விரிப்பீர்கள். என் கையில் ஆயுதம் இல்லை, நம்பலாம் என்று காட்டுவதாக அதற்குப் பொருள் சொல்வார்கள். கடற்படையில் அதே கை நெற்றிக்குப் போகும், ஆனால் உள்ளங்கை தரையைப் பார்க்கும். எதிரில் நிற்பவருக்குப் புறங்கையின் ஓரம்தான் தெரியும். விமானப்படைக்காரர்கள் 2006 வரை உங்களைப் போலத்தான் வைத்தார்கள். அந்த வருடம் மாற்றி, கையை 45 டிகிரி சாய்த்துக்கொண்டார்கள். ஒரே குடியரசுத் தலைவரின் கீழ் மூன்று படை, மூன்று விதமான கை.

கடற்படைக் கை கீழே பார்ப்பதற்குப் பாய்மரக் காலத்திலிருந்து வழிவழியாகச் சொல்லிவரும் காரணம் ஒன்று உண்டு. அந்தக் கப்பல்களில் பாய் இழுக்கும் கயிறெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்து இற்றுப்போகாமல் இருக்கத் தார் பூசியிருப்பார்கள். நாள் முழுக்க அதைப் பிடித்து இழுக்கிறவன் கை எப்படி இருக்கும்? அதை அதிகாரியின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவது மரியாதை ஆகாது என்று கவிழ்த்துக்கொண்டார்களாம். ஆகவே ஒளித்து வைப்பது போல இருக்கிறது என்று நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. ஒளிக்கிறோம்தான். ஒளிப்பது உழைத்த அழுக்கை.

ஆனால் அவள் செய்ததில் ஒரு பிழை உண்டு, அதை நீங்கள் கவனிக்கவில்லை. காலையில் நடுவாசலில் நின்றாள் என்கிறீர்கள். வீட்டில் இருக்கிற பெண் சுடிதாரில்தான் நின்றிருப்பாள். தலையில் தொப்பி இருந்திருக்காது. அவளுடைய வாத்தியார் பார்த்திருந்தால் கையைத் திருத்தியிருக்க மாட்டார், "தொப்பி எங்கே?" என்று கேட்டிருப்பார். தொப்பி இல்லாத தலைக்குச் சல்யூட் கிடையாது. இது உங்கள் படைக்கும் பொருந்தும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அதன் வேர் இதுதான். பழைய காலத்தில் மேலதிகாரியைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவதுதான் மரியாதை. கழற்றுவது வரவரச் சுருங்கி, தொப்பி விளிம்பைத் தொடுவதாயிற்று. அதுவும் சுருங்கி, விளிம்பு வரை கையைக் கொண்டுபோவதாயிற்று. அந்தக் கைதான் இன்றைய சல்யூட். கழற்றத் தொப்பியே இல்லாதபோது கை எதைத் தேடிப் போகும்? தொப்பி இல்லாமல் அதிகாரியைக் கண்டால் சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில் விறைப்பாக, நின்று வணக்கம் சொன்னால் போதும். கப்பலுக்குள்ளே இடுக்கு வழியில், சமையல் கட்டில், எஞ்சின் அறையில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. பழைய தொப்பி கழற்றும் மரியாதை ஒரே இடத்தில் இன்னும் முழுசாக உயிரோடு இருக்கிறது. குடியரசுத் தலைவர் கப்பல் அணியைப் பார்வையிட வரும்போது, ஒவ்வொரு கப்பலிலும் மாலுமிகள் ஓரக் கம்பி நெடுக வரிசையாக நின்று, தொப்பியைக் கழற்றி உயர்த்தி மூன்று முறை ஜெய் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் 60க்கும் மேற்பட்ட கப்பல்களும் நீர்மூழ்கிகளும் நிற்க, ராம்நாத் கோவிந்த் ஐ.என்.எஸ். சுமித்ராவில் ஏறி அவற்றைக் கடந்து போனார். ஒரு கப்பல் ஜெய் சொல்லி முடிக்க அடுத்தது தொடங்கும். செல்போனில் அந்த வீடியோவைப் பேத்தியோடு உட்கார்ந்து பாருங்கள். பேச்சு தொடங்க அது ஒரு சாக்கு.

அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது அதிகமில்லை. "உங்க படை வழக்கம் எனக்குத் தெரியாது கண்ணு, நீ வெச்சதுதான் சரியாம்" என்றால் முடிந்தது. பயிற்சியில் அந்தக் கையை ஒரு விரல்கூட விலகாமல் நிறுத்த அவள் வெயிலில் எத்தனை காலை நின்றிருப்பாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை முதன்முதலில் காட்ட விரும்பியது உங்களிடம். படைக்காரர் என்பதால்தான் உங்களிடம் காட்டினாள். கையைத் திருப்பியபோது வலித்ததும் அதனால்தான்.

அடுத்தது ஆளில்லாத தளத்துக்கு வைக்கும் சல்யூட். கப்பலின் பின்பகுதியில் குவார்ட்டர்டெக் என்று ஒரு தளம் உண்டு. பாய்மரக் கப்பலில் கேப்டன் நின்று ஆணையிட்ட இடம் அது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கடற்படைக் கொடி பறப்பதும் பின்முனையில். கரையிலிருந்து பலகைப் பாலம் வழியாக ஏறும் எவரும், அட்மிரலே ஆனாலும், காலை வைத்ததும் அந்தத் தளத்தை நோக்கிச் சல்யூட் வைப்பார். இறங்கும்போதும் உண்டு. முற்காலத்தில் அங்கே தெய்வத் திருவுரு வைத்திருந்தார்கள், அதன் எச்சம் இது என்று ஒரு வழக்கு. அரசனின் கொடிக்கு வைத்தது என்று இன்னொரு வழக்கு. எது ஆனாலும் மரியாதை அங்கே நிற்கும் ஆளுக்கு இல்லை. அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குப் போகிறவர் சந்நிதி கண்ணில் படுவதற்கு முன்பே வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா? அது மாதிரி.

சில்காவைக் கப்பல் என்பதும் விளையாட்டுப் பேச்சு அல்ல. அதன் பெயரே ஐ.என்.எஸ். சில்கா. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கிற முகாம். தண்ணீரில் ஒருநாளும் மிதந்ததில்லை. ஆனாலும் கடற்படைக்கு அது கப்பல். அதற்குக் கமாண்டிங் ஆபீசர் உண்டு, குவார்ட்டர்டெக் உண்டு. வாயிலைத் தாண்டி டீக்கடைக்குப் போவதைக்கூடக் கரைக்குப் போவதாகத்தான் சொல்வார்கள். நம் பக்கத்திலேயே பாருங்கள். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி, 1992ல் ஆர். வெங்கட்ராமன் திறந்து வைத்த விமானதளம். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அரக்கோணத்தில் கடல் எங்கே இருக்கிறது? தரையில் வேலை செய்தாலும் கப்பல்காரனின் ஒழுங்கு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகப் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. தர்மபுரிக்காரர்கள் ஒகேனக்கல் பரிசலுக்கு மேல் பெரிய படகு பார்க்காமலே வளர்கிறோம். உங்கள் பேத்தி கடலில் கால் வைக்கும் முன்பே கப்பல் பேச்சு பேசக் கற்றுக்கொண்டது அந்த ஏற்பாட்டின் பலன்.

அவள் சல்யூட் வைக்கும் கொடியும் உங்கள் காலத்துக் கொடி அல்ல. நீங்கள் படையில் இருந்தபோது கடற்படைக் கொடியில் வெள்ளைத் துணியில் பெரிய சிவப்புச் சிலுவைக் கோடு இருந்திருக்கும். 2001ல் அதை எடுத்தார்கள், 2004ல் திரும்ப வைத்தார்கள். 2022 செப்டம்பர் 2ஆம் தேதி, கொச்சியில் விக்ராந்த் கப்பலைப் படையில் சேர்த்த அன்று, அந்தக் கோடு முழுதாகப் போயிற்று. இப்போது மேல் மூலையில் மூவர்ணம், பக்கத்தில் சிவாஜி மகராஜின் முத்திரையைத் தழுவிய நீல எண்கோணம், அதற்குள் அசோகச் சின்னமும் நங்கூரமும். துறைமுகத்தில் தினமும் காலை 8 மணிக்கு அது ஏறும், சூரியன் மறையும்போது இறங்கும். அந்த நேரத்தில் போசன் கால் என்கிற சின்னக் குழலை ஊதினால் மேல்தளத்தில் இருப்பவர் எல்லோரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கொடியின் பக்கம் திரும்பி நிற்பார்கள். பெயின்ட் அடிப்பவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நிற்பான். மறுபடி ஊதினால் பிரஷ் கைக்கு வந்துவிடும். எனக்குக் கடற்படையில் மிகப் பிடித்த நேரம் அதுதான். பேண்டும் வாளும் உள்ள பெரிய விழாக்களைவிட இந்தச் சின்ன நிறுத்தத்தில்தான் ஒரு கப்பல் நல்ல கப்பலா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனி யார் யாருக்குச் சல்யூட் வைப்பது என்பது. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் அல்ல. சல்யூட் குடியரசுத் தலைவர் கொடுத்த கமிஷனுக்கு, அதாவது அதிகாரியாக நியமித்த ஆணைக்கு, அதைச் சுமக்கும் அதிகாரிக்கு. 22 வயதில் புதிதாக வந்த சப்-லெப்டினென்ட்டுக்கு, தலை நரைத்த மூத்த மாலுமியான மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் வைத்தாக வேண்டும். அந்தப் பையனும் திருப்பி வைத்தாக வேண்டும், வைக்காமல் போனால் தப்பு அவன் மேல். ராணுவ ஹவில்தாருக்குச் சமமான கடற்படைப் பதவி பெட்டி ஆபீசர். பணியில் இருந்தபோதே உங்களுக்கு அவள் சல்யூட் கணக்கில் வராது. ஓய்வு பெற்று வேட்டி சட்டையில் இருக்கும்போது இன்னும் வராது. நீங்கள் அவளுக்கு வைக்கும் பேச்சே இல்லை, தலையில் துண்டு கட்டியிருந்தாலும் அது தொப்பி ஆகாது.

அவளாக, முழு உடுப்பில், தொப்பியோடு வந்து உங்கள் முன் நின்று ஒரு சல்யூட் வைத்தால்? விதியில் இல்லைதான். நான் தடுக்க மாட்டேன். பழைய படைவீரருக்கு இளையவர்கள் அப்படி வைப்பதை எந்த அதிகாரியும் குற்றமாகப் பார்த்து நான் கண்டதில்லை. நீங்கள் கை தூக்காதீர்கள். சாவ்தானில் நின்று ஜெய்ஹிந்த் சொல்லுங்கள். வெலிங்டனில் கற்ற சாவ்தான் முதுகுக்கு மறந்திருக்காது.

பள்ளி விழாவுக்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. லீவில் இருக்கும்போது பொது விழாவுக்கு உடுப்பில் போகலாமா என்று அவள் தன் அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளட்டும். தலைமை ஆசிரியர் அழைப்பை எழுத்தில் கொடுத்தால் கேட்பது எளிது. அனுமதி இல்லை என்றால் நல்ல புடவையோ சுடிதாரோ போதும், மரியாதை குறையாது.

விழாவில் நடப்பதற்குக் கொடிச் சட்டம் 2002 தெளிவாகச் சொல்கிறது. கொடி ஏற்றும்போது எல்லோரும் கொடியைப் பார்த்துச் சாவ்தானில் நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் உரிய சல்யூட் வைக்க வேண்டும். ஆக உடுப்பில் இருந்தால் அவள் கை நெற்றிக்குப் போகும், வேட்டியில் இருக்கும் உங்கள் கை தொடையோடு இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் ஆளாளுக்குக் கையைத் தூக்குவதைப் பார்த்து உங்களுக்கும் கை துறுதுறுக்கும். தூக்காமல் இருக்கிறவர்தான் படைக்காரர். நாட்டுப்பண் முழுசாக 52 விநாடி அளவு. அது முடியும்வரை அசையக் கூடாது, செல்போன் அடித்தாலும். நீங்கள் வாங்கிய மெடல்கள் இருக்குமே, அன்றைக்கு ஒரு கோட்டு போட்டு இடது மார்பில் குத்திக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடந்து கறுத்திருந்தால் ரிப்பனை மட்டுமாவது மாற்றுங்கள்.

மாலை விஷயத்தில் என் கருத்து இது. உடுப்பின் மேல் மாலை வேண்டாம். சாமந்தி மாலை வெள்ளைச் சட்டையில் விட்ட கறை துவைத்தாலும் போகாது என்பது ஒரு காரணம். அந்தச் சட்டை ஊருக்குச் சொந்தமில்லை என்பது இன்னொன்று. கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் டீச்சரிடம் கொடுத்துவிடலாம், யார் மனமும் நோகாது. தலைக்குப் பூ வேண்டாம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவதை வீட்டில், உடுப்பு மாட்டும் முன்பே முடித்துவிடுங்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போவதானாலும் உடை மாற்றிக்கொண்டு போகட்டும். மைக்கில் அவளை நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். எங்கே பயிற்சி, எந்தக் கப்பலுக்குப் போகிறாள் என்றெல்லாம் தேதியோடு சொல்ல வேண்டாம். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோ போடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். "எல்லாரும் பார்க்க ஒரு சல்யூட் வைம்மா" என்று போட்டோக்காரர் பத்துத் தடவை கேட்பார். கொடிக்கு வைத்த ஒன்று போதும். அதை எடுத்துக்கொள்ளட்டும்.

ரீல்ஸ் எடுக்கும் பேரனுக்கு: படையில் இல்லாதவன், படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சீருடை போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விளையாட்டுக்குத்தானே என்பான். பார்க்கிறவர்கள் நம்பட்டும் என்றுதானே எடுக்கிறான்? அழித்துவிடச் சொல்லுங்கள். அவள் சட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

கேட்க வெட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, படையில் இருந்த ஒவ்வொருவரும் மனதுக்குள் கேட்டுக்கொள்வது இது. மழுப்பாமல் சொல்கிறேன். தேசியக் கொடியைப் போர்த்துவது அரசு மரியாதையோடும், முப்படை அல்லது துணை ராணுவ மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டும்தான். பணியில் இருக்கும்போது உயிர் விட்டவருக்கு அது நடக்கும். ஓய்வு பெற்று வீட்டில் காலமாகிறவருக்குக் குடும்பத்தாரே கடையில் கொடி வாங்கிப் போர்த்துவது, எவ்வளவு அன்பாகச் செய்தாலும், தேசிய மரியாதைச் சட்டப்படி அவமதிப்பில் சேரும். நம் பக்கம் கிராமங்களில் இதைச் செய்கிறார்கள், யாரும் தடுப்பதும் இல்லை. நீங்கள் அறிந்தே செய்யச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். படை மரியாதையில் போர்த்தும்போதுகூடக் காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும், கொடி குழிக்குள்ளும் போகக் கூடாது, சிதையிலும் எரியக் கூடாது. அதனால்தான் முன்னதாகவே எடுத்து, மடித்து, குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள்.

கொடி இல்லை என்பதால் படை உங்களைக் கைகழுவிவிட்டது என்று ஆகாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும் என்று வீட்டில் எழுதி வையுங்கள். மலர்வளையம் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் உங்கள் வீட்டம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தே ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கிலும் பென்ஷன் ஆர்டரிலும் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஸ்பர்ஷ் என்கிற படை ஓய்வூதிய இணையதளத்தில் மாட்டிக்கொள்ளும். பேத்தி லீவில் இருக்கும்போதே உட்கார்ந்து திருத்தச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை மரியாதை பற்றிக் கவலைப்பட்ட பெரியவர்கள் பலர் இந்தக் காகிதத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள். அலைந்தது அவர்கள் மனைவிமார்.

அவள் வந்து சல்யூட் வைப்பாளா என்றால், உடுப்பும் தொப்பியும் இருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் சாவ்தானில் நிற்கலாம். அதற்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று பங்காளிகள் தெரு முனையிலேயே நிறுத்திவிடுவார்கள். கப்பலில் இருந்து லீவு வாங்கி ஓடிவந்தவளைத் திருப்பி அனுப்புவார்கள். அதைத் தடுக்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான், அதுவும் இப்போது. உறவு முறையார் கூடியிருக்கும் ஒரு நாளில், மொட்டையாகச் சொல்லாமல், பேரைச் சொல்லி, "என் பேத்தி கடைசி வரைக்கும் வரணும்" என்று வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியிலேயே 270க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடந்த அந்த அணிவகுப்பில் ஆண்களோடு ஒரே வரிசையில் நடந்தார்கள். நம் ஊர்ச் சுடுகாட்டு வழி அவர்களுக்கு மட்டும் மூடியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு விசாகப்பட்டினத்தில் கப்பல் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். மொரப்பூரிலோ சேலத்திலோ ரயில் ஏறலாம். டிசம்பர் 4 கடற்படை நாள். 1971ல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள் அது. அதை ஒட்டிச் சில கப்பல்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். அந்தச் சமயம் அமையாவிட்டாலும் கடற்கரையிலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் காட்சிக்கு இருக்கிறது. 1969ல் படையில் சேர்ந்தது, 71 போரில் இருந்தது. உள்ளே குனிந்துதான் போக வேண்டும், முழங்கால் ஒத்துழைத்தால் போங்கள்.

பணியில் இருக்கும் கப்பலில் ஏறும்போது நீங்கள் சல்யூட் வைக்க வேண்டாம், அவள் வைப்பாள், ஒரு அடி பின்னால் நின்று காத்திருங்கள். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, முதுகு வெளியே இருக்க இறங்குங்கள். எதிரில் யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி வழி விடுங்கள். கப்பலுக்குள் வாயால் விசில் அடிக்கக் கூடாது, ஊதல் ஒலியில்தான் அங்கே கட்டளை போகிறது. துறைமுகத்துக்குள் படகில் போக நேர்ந்தால் இளையவர்கள் முதலில் ஏறுவார்கள், மூத்தவர் கடைசியில் ஏறி முதலில் இறங்குவார். உங்களைக் காக்க வைக்கிறார்கள் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே அதுதான் மரியாதை. வேட்டியைவிடப் பேண்ட் நல்லது, செருப்பைவிட ஷூ. ஆதாரும் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும் அசலாகக் கையில் இருக்கட்டும், வாயிலில் நகலை ஏற்க மாட்டார்கள். பெயர்களை அவள் முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆகவே டிக்கெட் போடும் முன் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.